பித்தளை அரைப் பங்கு

வாத்தியாருடைய மகள் கடிதம் போட்டிருந்தா. தகப்பனாருடைய நகைப் புத்தகத்தைத் திரும்பவும் அச்சடிக்கப் போகிறார்களாம். அதில் பட்டறை வேலையைப் பற்றிய பகுதி முழுக்க நான் சொல்லி அவர் எழுதியது. அதனால் நான் வேலை செய்த காலத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தந்தால் புத்தகத்தின் கடைசியில் சேர்க்கலாம் என்று கேட்டிருந்தா. இப்போது நகை வேலை பழகுகிற பெடியள் அந்தப் புத்தகத்தைத் தேடித் திரிகிறார்களாம், ஒரு பிரதியும் கிடைக்கிறதில்லையாம். கடிதத்தோடு வாத்தியார் குறிப்பெழுதிய பழைய கொப்பி ஒன்றும் வந்தது, ஏதும் சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளச் சொல்லி.

கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். நல்ல செய்திக்குள்ளும் எங்கேயாவது ஒரு முள் கிடக்கும் என்று தேடுகிறது என் சுபாவம். இந்த முறை தேட வேண்டி இருக்கவில்லை. கடைசி வரியிலேயே கிடந்தது. "நாற்பத்தோராம் பக்கத்தில் அப்பா ஒட்டிய பிழைதிருத்தத் துண்டை அப்படியே போடுவதா? அல்லது சரியான அளவு உங்களுக்குத் தெரிந்தால் அதைப் போடுவதா?"

தெரியும், பிள்ளை. அதைச் சொல்லத்தான் இந்த நாலு பக்கம். நாலில் நிற்குமோ தெரியாது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்துங்கோ. சொன்ன விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

என்னைப் பெற்ற ஐயாவும் பத்தர்தான், பொன் வேலை செய்தவர். எனக்குப் பத்து வயதில் அவர் காலமாகிவிட்டார். குறடு, ஊதுகுழல், தராசு எல்லாம் ஒவ்வொன்றாக வீட்டைவிட்டுப் போயின. நான் எங்கள் ஊர் கரம்பொனில் ஒரு சுருட்டுக் கொட்டிலில் இலை கிழிக்கப் போனேன். என் அக்காவைக் கட்டிய அத்தான் ஐம்பத்தாறாம் ஆண்டு தன்னுடைய பட்டறைக்கு என்னைக் கூப்பிட்டார். போய் நின்றேன். என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார்.

"புகையிலை மணக்குது. ஒரு மாதம் பொன்னிலை கை வைக்காதை."

அந்த ஒரு மாதமும் கரி உடைத்தேன், உமி புடைத்தேன். பிறகு கம்பி இழுக்க ஒரு வருஷம், தகடு தட்ட ஒரு வருஷம், பொருத்தை நெருப்பு ஊதி ஒட்ட, கல்லுக் கட்ட என்று இன்னும் இரண்டு வருஷம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாப் பத்தருக்கும் அதே சூடுதான், அதே கொப்புளந்தான்.

அத்தானைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவர் கதைக்கிற ஆள் இல்லை. வேலை சரி என்றால் எடுத்து உள்ளே வைப்பார். சரியில்லை என்றால் அந்தப் பொருளைத் திரும்ப என் பலகையில் வைத்து, தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைப்பார். அவ்வளவுதான். கண்ணாடி இல்லாமல் அவரால் வேலை செய்ய ஏலாது. கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். நானே பிழையைக் கண்டுபிடித்து, "இந்த வளையம் சரிஞ்சு போச்சு அத்தான்" என்று வாயால் சொல்லும்வரைக்கும் கண்ணாடி அங்கேயே இருக்கும். சொன்னதும் எடுத்துப் போட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்ப்பார். ஒரு நாள் காலை வைத்த கண்ணாடி மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இருந்தது. அக்கா வந்து, "என்ன, ரெண்டு பேரும் பட்டறைக்குள்ளை தவமோ?" என்று கேட்டா.

பொன்னுருக்குக்குப் போகும்போது அவர் வேறு ஆள். எங்கள் பக்கத்தில் தாலிக்குப் பொன் உருக்குகிறது மாப்பிள்ளை வீட்டில், நல்ல நேரம் பார்த்து, இரண்டு பகுதியும் சுற்றி இருக்க. அந்த நேரம் பத்தருடைய கையைத்தான் அத்தனை கண்ணும் பார்க்கும். அத்தான் முதலில் தண்ணீர் கேட்டு மூன்று முறை கை கழுவுவார். நகத்துக்குள் ஒன்றும் இல்லை என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி விரலை விரித்து ஈரத்தை உதறுவார். வெற்றிலையில் வைத்துத் தருகிற தங்கப் பவுணை வாங்கித் தட்டிச் சத்தம் கேட்பார். தராசைத் தான் பிடிக்கமாட்டார், மாப்பிள்ளையின் தாய்மாமனைப் பிடிக்கச் சொல்லுவார். பிறகு மூசைக்குள், அதுதான் பொன் உருக்குகிற சின்ன மண் கிண்ணம், பவுணை வைத்து, கொஞ்சம் வெண்காரம் தூவி, உமிச்சட்டி நெருப்புக்குள் இறக்கி ஊதத் தொடங்குவார். பொன் முதலில் கறுக்கும், பிறகு சிவக்கும். ஒரு நொடியில் கண் திறந்த மாதிரி ஒரு வெளிச்சம் வரும். அந்த நொடிக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, ஊதுகிறதை நிறுத்துவார். உருகிய மணியைத் தண்ணீரில் போட்டு எடுத்து, பெண் வீட்டுக்காரருக்கு முதலில் காட்டுவார்.

என் வேலை சாமான் கொண்டுபோகிறது. ஒரு மூசை போதும். நான் மூன்று கொண்டுபோவேன். ஊதுகுழல் இரண்டு. வெண்காரம் மடியில் ஒரு பொட்டலம், பெட்டியில் ஒரு பொட்டலம். மண்டைதீவில் ஒரு பொன்னுருக்கில் பவுண் உருகிக்கொண்டு வரும்போது மூசையில் ஒரு மயிர்க்கோடு ஓடியது. பொன் வெளியில் வழிந்தால் அந்தக் கலியாணத்துக்கே ஒரு கதை கட்டிவிடுவார்கள். அத்தான் நெருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "மற்றது" என்றார். அடுத்த மூசை என் கையில் ஆயத்தமாக இருந்தது. பொன்னை அதற்கு மாற்றினோம், கோடு ஓடியது ஒருவருக்கும் தெரியாது. திரும்பி வரும்போது அத்தான் சொன்னார்:

"உன்ரை பயம் இண்டைக்கு உதவினது."

இருபது வருஷத்துக்கு மேலே அவரோடு வேலை செய்து எனக்குக் கிடைத்த ஒரே புகழ்ச்சி அதுதான். அதே பயந்தான் பிறகு ஒரு மனிதனைக் கெடுத்தது.

வாத்தியார் மடத்துவெளி என்கிற ஊரில் இருந்து சைக்கிளில் வருவார். பள்ளிக்கூடத்தை விட்டு இளைப்பாறி, தீவுப்பகுதி நகைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதத் தொடங்கியிருந்தார். அட்டியல், பதக்கம், தோடு, தாலிக்கொடி எல்லாம் வீடு வீடாகப் போய்ப் பார்த்துத் தானே படம் கீறி வைத்திருந்தார். கல்லுகளைப் பற்றியும் நிறையப் படித்திருந்தார். பட்டறைக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் தெரியாது. அத்தானிடம் அனுமதி கேட்டார்.

"எனக்குச் சொல்லத் தெரியாது வாத்தியார். இவன் சொல்லுவான்" என்றார் அத்தான். வாத்தியார் போன பிறகு என்னைப் பார்த்தார். "சொல்லுறதெண்டால் முழுக்கச் சொல்லு. ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லு. ரெண்டிலையும் மரியாதை இருக்கு."

சனிக்கிழமைகளில் வந்து என் பலகைக்கு முன்னால் கதிரை போட்டு இருப்பார். மடியில் கொப்பி. முதல் நாள் சிவப்புக் கல்லைப் பற்றிக் கதைத்தோம். அவர் நல்ல கல்லின் குணம், குற்றம் எல்லாம் வரிசையாகச் சொன்னார். நான் ஒரு மாணிக்கத்தையும் ஒரு கண்ணாடித் துண்டையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

"எது கல்லு, சொல்லுங்கோ பாப்பம்."

வெளிச்சத்தில் பிடித்தார், சட்டையில் தேய்த்தார், சொல்ல முடியவில்லை.

"நாக்கிலை வைச்சுப் பாருங்கோ. கல்லெண்டால் குளிரும். கண்ணாடி கெதியிலை சூடேறிவிடும்."

"விழுங்கிப்போட்டால்?"

"பயப்பிடாதேங்கோ. நாளைக்குக் காலமை கிடைக்கும்."

அவர் சிரித்த சிரிப்பில் கொப்பி கீழே விழுந்தது. அத்தானுடைய தோளும் குலுங்கியதைக் கண்டேன். அப்படி மூன்று மாதம் போனது. கம்பி எப்படி இழுக்கிறது, அரக்கு வைத்துக் கல்லை எப்படி இருத்துகிறது, முத்துக்கு ஏன் நெருப்புக் காட்டக்கூடாது, எல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மை. இதையும் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இனிச் சொல்லப் போகிறதை வாசித்துவிட்டு மிச்சத்தையும் நம்பாமல் விடக்கூடாது.

கடைசியாகப் பொடிக்கு வந்தோம். பொடி என்றால் பொன்னோடு பொன்னை ஒட்டுகிற பொடி. பொன்னைவிடச் சீக்கிரம் உருக வேண்டும், ஆனால் ஒட்டிய பிறகு பொன் போலவே இருக்க வேண்டும். வெள்ளியும் பித்தளையும் சேர்க்கிற அளவில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு பட்டறைக்கும் ஓர் அளவு. எங்கள் அளவு அத்தானுடைய தகப்பன் வழியாக வந்தது. நாங்கள் செய்த தாலிக்கொடியில் பொருத்து கழன்றதாக ஒரு முறைப்பாடும் வந்ததில்லை என்று நெடுந்தீவில் இருந்துகூடச் சனம் கரம்பொனுக்கு வருவதற்கு அந்தப் பொடிதான் காரணம்.

"சொல்லும் பத்தர்" என்றார் வாத்தியார்.

"பொன் பத்துப் பங்கு."

எழுதினார்.

"வெள்ளி ஒரு பங்கு."

எழுதினார். பென்சிலைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் நெருப்பைக் கிளறினேன். அந்த நேரத்தில் என் தலைக்குள் என்ன ஓடியது என்று பல தரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். கட்டிக்கொடுக்க மூன்று பெட்டையள் வீட்டில். அத்தானுக்குப் பிறகு பட்டறை எனக்கு வருமோ வராதோ தெரியாது. புத்தகம் அச்சாகி ஊர் ஊராகப் போனால் வாசிக்கத் தெரிந்த ஒவ்வொருவனும் கொடி ஊதத் தொடங்குவான் என்று ஒரு பயம். இப்படி ஒழுங்காக யோசித்துத்தான் சொன்னேன் என்றால் அதுவும் பொய். பயம் ஒழுங்காக யோசிக்காது. வாய் சொன்னது.

"பித்தளை ரெண்டு பங்கு."

"ரெண்டோ?"

"ஓம்."

சரியான அளவு அரைப் பங்கு. இரண்டு போட்டாலும் பொடி உருகும். இன்னும் நன்றாக, தண்ணீர் போல ஓடும். பொருத்து மினுங்கும். செய்கிறவனுக்கு ஒரு சந்தேகமும் வராது. ஒன்றிரண்டு வருஷம் உடம்பு வேர்வை பட்டுப் பட்டுத்தான் அந்தப் பொருத்து பொருபொருத்துப் போகும். அந்தக் கூத்தைத் தெரிந்துகொண்டே சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை திருத்திச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை சைக்கிள் மணி கேட்டதும் பின்பக்கத்தால் கிணற்றடிக்குப் போய் நின்றேன். என் மனிசி, "பட்டினத்துக்குப் போயிட்டார்" என்றா. "ஒண்டு கேக்க வேண்டியிருந்தது, பறவாயில்லை, பிறகு வாறன்" என்று வாத்தியார் சொன்னது கிணற்றடிக்குக் கேட்டது. பிறகு அவர் நோயாகப் படுத்தார். அச்சுக்கூடக்காரன் அவசரப்படுத்தினான். புத்தகம் வந்துவிட்டது.

நீல மட்டை. உள்ளே அவர் கீறிய படங்கள். முன்னுரையில் என் பெயர் இருந்தது. என் பெயரை அச்சில் பார்த்தது அதுதான் முதல் தரம். அக்கா அதை அயலட்டைக்கெல்லாம் காட்டினா. அத்தான் ஒரு நாள் காலை புத்தகத்தை எடுத்துப் பட்டறை வேலைப் பகுதியை ஆற அமர வாசித்தார். நாற்பத்தோராம் பக்கத்தில் நின்றார். புத்தகத்தை விரித்தபடி என் பலகையில் வைத்து, கண்ணாடியைக் கழற்றி அந்தப் பக்கத்தின்மேல் வைத்தார்.

கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஒரு காப்புக்கு அரம் போட்டேன். மத்தியானம் சாப்பாடு வந்தது, ஆறியது. பொழுது சாயும்வரைக்கும் நான் வாய் திறக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரம் அவரே கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். என் பலகையில் இருந்த பொடிச் சிமிழையும் எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் கண் மூடும்வரைக்கும் பொடியை அவரேதான் செய்தார். எனக்கு அன்றன்றைக்கு வேண்டிய அளவை ஒரு வெற்றிலைத் துண்டில் வைத்துத் தருவார்.

மூன்று வருஷம் கழிந்தது. நெடுந்தீவில் இருந்து ஒரு பெரியவர் வந்தார். ஒரு கொடி அறுந்துவிட்டது, வந்து உரைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். நடந்தது இது. கலியாணமாகி இரண்டு வருஷம் ஆன ஒரு பிள்ளை. புருஷன் தெற்கே கடை வைத்திருக்கிறார். அவ மாமியோடு நயினாதீவுத் திருவிழாவுக்கு லோஞ்சில், அதுதான் மோட்டார் படகில், போயிருக்கிறா. இறங்குதுறையில் எட்டிக் காலை வைக்கும்போது கொடி அறுந்துவிட்டது. கொடி சட்டைக்குள் தங்கிவிட்டது. தாலி கடலுக்குள் போய்விட்டது. சுழியோடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. கொடி செய்தவர் நெடுந்தீவிலேயே இருந்த வேலும்மயிலும் என்கிற பத்தர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். பித்தளை கலந்து பொன் எடுத்துவிட்டார் என்று கதை எழும்பிவிட்டது.

அத்தான் என்னைப் பார்த்து, "நீயே போ" என்றார்.

உரைகல்லையும் திராவகத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். லோஞ்சில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். பத்துத் தரமாவது திராவகப் போத்தலின் மூடியைத் தொட்டுப் பார்த்திருப்பேன். கோயில் வீதியில் மரத்துக்குக் கீழே பாய் விரித்து இருபது முப்பது பேர் இருந்தார்கள். வேலும்மயிலும் ஒரு பக்கத்தில் தனிய நின்றார். மடியில் துணியால் சுற்றிய ஏதோ ஒன்று.

கொடியைத் தந்தார்கள். வளையத்தைக் கல்லில் உரைத்துத் திராவகம் தொட்டேன். கோடு அசையவில்லை. நல்ல பொன். வேறு மூன்று இடத்தில் உரைத்தேன். எல்லாம் நல்ல பொன். பிறகு அறுந்த பொருத்தின் நுனியை உரைத்துத் திராவகம் வைத்தேன். பச்சையாக நுரைத்துக் கோடு அரைவாசிக்கு மேல் போய்விட்டது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. நான் எதை உரைத்துக்கொண்டிருக்கிறேன் என்று விளங்கியது.

பிள்ளையின் மாமி முன்னால் வந்தா. "பித்தளை இருக்கோ இல்லையோ? அதைச் சொல்லும் பத்தர்."

"வளையமெல்லாம் நல்ல பொன், அம்மா. பொருத்துப் பொடியிலைதான் கூடிப்போச்சு."

வேலும்மயிலும் மடியில் இருந்ததை அவிழ்த்தார். நீல மட்டைப் புத்தகம். ஓரமெல்லாம் கரி பிடித்துப் போயிருந்தது. "எனக்குப் பழக்கிவிட ஆள் இல்லை. ஐயா என்ரை சின்னனிலையே செத்துப்போனார். இதைப் பாத்துத்தான் பழகினனான். இதிலை என்ன இருக்கோ அதைத்தான் போட்டனான். வாசிக்கிறன், கேளுங்கோ." நாற்பத்தோராம் பக்கத்தை எழுத்து எழுத்தாக வாசித்தார். பித்தளை இரண்டு பங்கு என்றதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றம் சாட்டுகிறது ஒன்றும் இல்லை. நான் தன்னுடைய சாட்சி என்று நினைத்துப் பார்த்தார். "அண்ணை சொன்ன அளவுதானே இது. அண்ணையின்ரை பேரும் முன்னுக்கு இருக்கு."

எனக்கும் சின்ன வயதில்தான் ஐயா போனவர். எனக்கு அத்தான் இருந்தார். இவருக்கு நான் சொன்ன புத்தகம் இருந்தது.

பின்னால் இருந்து ஒருவர், "புத்தகம் பாத்துப் பொன் ஊதினவராம்! புத்தகம் பாத்துப் பிள்ளையும் பெறுவாரோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

என்னைக் கூட்டிவந்த பெரியவர் கையைக் காட்டிச் சிரிப்பை அடக்கினார். "பத்தர், உங்கடை பட்டறையிலை ரெண்டு பங்கு போடுறதோ?"

"இல்லை."

"அப்ப இது?"

"அச்சுப்பிழையா இருக்கும்."

"சரி. அச்சுப்பிழை எண்டே வைப்பம். கைப்பழக்கம் உள்ள ஒரு பத்தருக்கு, இது பிழையெண்டு தெரியுமோ தெரியாதோ?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும். அந்தப் பொடி அவ்வளவு வடிவாக ஓடும். ஆனால் தெரியாது என்றால் அடுத்த கேள்வி என்னிடம் வரும் என்று பயந்தேன்.

"தெரியும்" என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு வேலும்மயிலும் கள்ளனாகிவிட்டார். புத்தகத்தைத் திரும்பத் துணியில் சுற்றினார். அவருடைய மனிசி கல்வேலிக்கு அந்தப் பக்கம் இடுப்பில் பிள்ளையோடு நின்றதைக் கண்டேன். அவவும் கேட்டுக்கொண்டுதான் நின்றா.

அதன் பிறகு அவரிடம் ஒரு மூக்குத்திகூட ஒருவரும் கொடுக்கவில்லை. புதுத் தாலியும் கொடியும் அத்தான் செய்தார். நெடுந்தீவுப் பொன்னெல்லாம் எங்கள் பட்டறைக்கு வந்தது. பொடி சொன்ன அன்றைக்கு நான் பயந்து பயந்து ஆசைப்பட்டது அதுதானே. வந்தது. ஒவ்வொரு நெடுந்தீவுக் கொடிக்கும் என் கையால்தான் பொருத்து ஊதினேன்.

வாத்தியாருக்கும் செய்தி போயிருக்கிறது. ஒரு மாதத்துக்குள் வந்தார். சைக்கிள் இல்லை, தடியோடு வந்தார். அத்தானும் இருந்தார்.

"பத்தர், பிழை நடந்து போச்சு. என்ரை பிழை. விக்கிற புத்தகத்திலை எல்லாம் துண்டு ஒட்டப்போறன், வித்த புத்தகத்தையும் தேடிப் போய் ஒட்டுவன். சரியான அளவு என்ன சொன்னனீர், ஞாபகம் இருக்கோ?"

அத்தானுடைய ஊதுகுழல் நின்றது.

"ஞாபகம் இல்லை, வாத்தியார்" என்றேன்.

என்னைப் பார்த்துத் தடியை மாற்றிப் பிடித்தார். "பறவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் துண்டை அவர் தன் கையாலேயே வெட்டிக் கோந்து பூசி ஒட்டியதாகக் கேள்வி. தீவு தீவாகப் போய் ஒட்டியிருக்கிறார். துண்டில் இவ்வளவுதான் இருந்தது: "இப்பக்கத்திற் காணும் பொடி அளவு தவறு. பின்பற்ற வேண்டாம். தவறு நூலாசிரியருடையது." அளவைச் சொல்லுகிற இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது.

வாத்தியாரும் போய்விட்டார், அத்தானும் போய்விட்டார். ஐம்பது வயதுக்கு முந்தியே நெருப்பு என் கண்ணை வாங்கிவிட்டது. ஒரு கண்ணில் புரை வெட்டி எடுத்தபிறகு இப்போது ஓரளவு தெரிகிறது. அந்தக் கண்ணால்தான் இந்தக் கொப்பியைப் பார்த்தேன். நான் சொன்ன அளவு அவருடைய குண்டு எழுத்தில் இருந்தது. பொன் பத்து. வெள்ளி ஒன்று. பித்தளை இரண்டு. அச்சுப்பிழை இல்லை என்று அவருக்கு எப்போதோ தெரியும். பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு வரி: "பத்தர் தயங்கினார். மறுபடி கேட்க வேண்டும்."

தவறு தன்னுடையது என்று அவர் அச்சடித்தது எதை நினைத்து என்று அந்த வரியைக் கண்ட பிறகுதான் விளங்கியது. மறுபடி கேட்காமல் விட்டதை. கேட்க வந்தவர்தான். நான் கிணற்றடியில் நின்றேன்.

இதுவரைக்கும் எழுதியதை எடுத்துக்கொண்டு போன கிழமை நெடுந்தீவுக்குப் போனேன். அச்சுக்குப் போகுமுன் அந்த மனிதன் பார்க்க வேண்டும் என்று பட்டது. இறங்குதுறையில் லோஞ்சு ஆடிக்கொண்டு நின்றது. எனக்குக் கால் வைக்கப் பயம். கயிறு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் கையை நீட்டினார்.

"பாத்துக் காலை வையுங்கோ, அண்ணை."

அந்தக் கையைப் பிடித்து இறங்கினேன். கை காய்த்துப்போய் இருந்தது. கையை விடாமல், "கரம்பொன் பத்தர்தானே?" என்றார். வேலும்மயிலும்.

லோஞ்சு திரும்ப வெளிக்கிடுகிற வரைக்கும் நேரம் இருந்தது. கல்லில் இருந்தோம். தாள்களைக் கொடுத்தேன். அன்றைக்கு வாசித்த மாதிரியே எழுத்து எழுத்தாக, வாயை அசைத்து வாசித்தார். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எனக்கு அடிப்பார், ஏசுவார் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். தாள்களை ஓரம் பார்த்து அடுக்கி மடித்துத் தந்தார்.

"நல்ல வடிவா எழுதியிருக்கிறியள்."

தாள்களை வாங்கி மடியில் வைத்தேன்.

"மனிசி மூண்டு வருஷத்துக்கு முந்திச் செத்துப்போச்சு. கிணத்தடியிலை பெண்டுகள் கேட்டதுக்கெல்லாம் அவ மறுமொழி குடுத்தவ. சண்டையும் பிடிச்சவ. ஆனால் வீட்டிலை, கலந்தனீரோ எண்டு என்னட்டை ஒருநாளும் கேக்கேல்லை. நம்பினபடியாலை கேக்கேல்லையோ, பயத்திலை கேக்கேல்லையோ, எனக்குத் தெரியாது அண்ணை. இந்தக் கடதாசி அப்ப வந்திருந்தால் தெரிஞ்சிருக்கும்."

லோஞ்சு ஊதியது. எழுந்து போய்க் கயிற்றில் கை வைத்தார். பிறகு திரும்பி,

"அப்ப எவ்வளவு?" என்றார்.

"என்னது?"

"பித்தளை. முதல் சொன்னியள், ரெண்டு. எழுதினதிலை அரை எண்டு கிடக்கு. அரைதானோ? நல்லாத் தெரியுமோ?"

"அரைதான். சத்தியமா அரைப் பங்குதான்."

கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். "நான் ஒருக்கா அரைப் பங்கு போட்டு ஊதிப் பாத்தனான். முதல் முதல், புத்தகம் கையிலை கிடைச்ச கிழமை. என்ரை மனதுக்கு அதுதான் சரியெண்டு பட்டது. நல்லாத்தான் ஓடினது. பிறகு, புத்தகத்திலை ரெண்டெண்டு இருக்கேக்கை நான் ஆர் மாத்த எண்டு விட்டிட்டன்."

என்னைக் கையைப் பிடித்து லோஞ்சில் ஏற்றிவிட்டார்.

பிள்ளை, நீங்கள் கேட்டதுக்கு மறுமொழி இது. நாற்பத்தோராம் பக்கத்தில் துண்டு ஒட்ட வேண்டாம். பக்கத்திலேயே அச்சடியுங்கோ. பொன் பத்துப் பங்கு, வெள்ளி ஒரு பங்கு, பித்தளை அரைப் பங்கு. அதற்குக் கீழே அளவு சொன்னவர் என்று என் பெயரைப் போட வேண்டாம். நெடுந்தீவு வேலும்மயிலும் பத்தர் என்று போடுங்கோ.